"பாரம்னு நான் எப்ப டீச்சர் சொன்னேன்?" - நிதி கேட்டு எழுதக் கற்றுக்கொண்ட கதை

அந்தக் கேள்வியைக் கேட்டவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். என் கட்டுரையை அன்றைக்கு ஒரு வரியில் திருத்தியவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்த அம்மா.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ஒரு சிறிய பகல்நேரப் பயிற்சி மையம் இருக்கிறது. வாடகை வீடு, இரண்டு சிறப்பாசிரியர்கள், ஒரு சமையல் அம்மா, 22 குழந்தைகள். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோகாமல் அங்கே கதை சொல்லப் போனேன். ஆறே மாதத்தில் என்னை அறக்கட்டளையின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "டீச்சருக்கு நல்லா எழுத வரும்" என்பதுதான் காரணம்.

எனக்கு எழுத வரும் என்று நானும் நம்பினேன். அதுதான் வம்பு.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை

2021-ம் வருடம். கொரோனாவால் மூடிக்கிடந்த மையத்தை மறுபடி திறந்திருந்தோம். கையில் பணமில்லை. வழக்கமாக உதவும் கடைக்காரர்களே கடனில் இருந்தார்கள். "கம்பெனிகள் சி.எஸ்.ஆர். நிதி தர்றாங்களாம். ஒரு புரொபோசல் எழுதிப் போடுங்க டீச்சர்" என்றார் எங்கள் தலைவர்.

என்ன கேட்பது? கூட்டம் போட்டோம். "கட்டடம் கேப்போம். கல்வெட்டுல பேர் போடலாம்னா கொடுக்கிறவங்களுக்கும் சந்தோஷம்" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினோம். 25 லட்சம் என்று முடிவானது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ சொன்னார்கள், எழுதிக்கொண்டோம்.

பதினோரு பக்கம் எழுதினேன். முன்னுரையில் தாய்மையின் சிறப்பு. அடுத்து மனிதநேயம். நடுவில் பாப்பாவின் கதை. அவள் பெயர் இங்கே வேண்டாம். மையத்தில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பத்து வயது. அவள் அழுதுகொண்டிருந்தபோது எடுத்த ஒரு போட்டோவை ஒட்டி, கீழே இப்படி எழுதினேன்: 'பெற்றோருக்குப் பாரமாகிவிட்ட இச்சிறுமியின் கண்ணீரைத் துடைப்பார் யாருமில்லையோ?'

எழுதி முடித்ததும் என் கண்ணே கலங்கியது. அண்ணன் மகன் அதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தான். நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பினோம். மூன்றிலிருந்து பதிலே இல்லை. நான்காவதிலிருந்து ஒரே வரி: தற்போது பரிசீலிக்க இயலவில்லை.

"டீச்சர், எத்தனை குழந்தைங்க?"

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி சென்னையில் இருக்கிறாள். இப்படி வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நாங்கள் அனுப்பிய நான்கில் அவள் நிறுவனம் இல்லை. வெட்கத்தை விட்டு அவளுக்கு அந்தப் பதினோரு பக்கத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்கக் கூடாது. மையத்துல எத்தனை குழந்தைங்கங்கிறது ஒன்பதாவது பக்கத்துலதான் வருது. எவ்வளவு பணம் வேணும்ங்கிறது கடைசிப் பக்கத்துல. எங்க டேபிள்ல ஒரு நாளைக்கு இந்த மாதிரி பத்து வரும். முதல் பக்கத்துல யாரு, எங்கே, எத்தனை பேருக்கு, என்ன செய்யப்போறீங்க, எவ்வளவு ஆகும்... இந்த அஞ்சும் இல்லைன்னா ரெண்டாவது பக்கத்துக்கு யாரும் போக மாட்டாங்க."

அடுத்து அவள் கேட்டது நிலம். "கட்டடம் கட்டுற இடம் யார் பேர்ல இருக்கு?" தலைவரின் தம்பி பெயரில் இருந்தது. "அப்ப அது நடக்கவே நடக்காது டீச்சர். சி.எஸ்.ஆர். பணத்துல உருவாகிற சொத்து யார் பேர்ல இருக்கலாம்னு விதியே இருக்கு. உங்க டிரஸ்ட் பேர்ல இருக்கலாம். தனிப்பட்ட ஒருத்தர் இடத்துல நீங்க கட்ட முடியாது."

மூன்றாவதாகக் கேட்டது சி.எஸ்.ஆர்.-1 எண். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அவள் சொல்லிச்சொல்லி எழுதிக்கொண்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னைப்போல விழிக்கிறவர்களுக்காக அதன் சாரத்தை இங்கே சொல்கிறேன்.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுதான் இந்தப் பணத்தின் ஊற்று. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம்... இதில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது அந்தச் சட்டத்தின் 7-வது அட்டவணையில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி அதில் உண்டு. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே சென்னையைப் பார்ப்பதற்கு முன்னால், நம் மாவட்டத்தில் ஆலையோ அலுவலகமோ வைத்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

கேட்கும் அமைப்புக்கும் தகுதி வேண்டும். பதிவு செய்த அறக்கட்டளை அல்லது சங்கம், வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், இதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம். இவற்றோடு 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து ஒரு பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிந்து வாங்கும் எண்ணையும் பலர் கேட்கிறார்கள். ஆடிட்டர் கையெழுத்திட்ட மூன்று வருடக் கணக்கையும் அவசியம் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் அது தனிக்கதை. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

"இதெல்லாம் ரெடி பண்ண ஆறு மாசம் ஆகும். பண்ணுங்க டீச்சர். அதுக்குள்ள புரொபோசலை மறுபடி எழுதலாம்" என்றவள், வைக்கப்போகும் நேரத்தில் கேட்டாள்: "அந்தக் குழந்தை போட்டோ போட்டிருக்கீங்களே, அவங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை

மறுநாள் மாலை பாப்பாவைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். தமிழில் நான் எழுதிவைத்திருந்த பிரதியைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தார். அதன் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி, மெதுவாகப் படித்தார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"பாரம்னு நான் எப்ப டீச்சர் சொன்னேன்?"

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு அவ அழுதது பல்லு வலிக்கு. மத்த நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா? வீட்ல தம்பியைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறா. கொடத்துல தண்ணி எடுத்து வைக்கிறா. இங்க கூட்டிட்டு வர்றதுதான் டீச்சர் எனக்குச் சிரமம். டவுன் பஸ்ல பத்து வயசுப் பிள்ளையைத் தூக்கிட்டு ஏறணும். கூட்டிட்டு வந்தா ஆபீஸ்ல அரை நாள் கூலி போயிரும். அதான் வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு. அதை எழுதலாம்ல?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு தாய் தன் வாயால் சொல்லாத சொல்லை, அவர் சொன்னதுபோல ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பணம் வந்திருந்தால் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த கூலியாகத்தான் அது இருந்திருக்கும். வராமல் போனது நல்லதென்று நினைத்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. நாங்கள் கட்டடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மையத்தின் வேப்பமரத்தடியில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவர் கொடுத்தது. கொரோனாவில் நின்றது, நின்றதுதான். டிரைவருக்குச் சம்பளம் இல்லை, டீசலுக்குக் காசில்லை, இன்ஷூரன்ஸும் காலாவதி. அதன் மேல் வேப்பம்பழம் விழுந்து காய்ந்துகிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

வருகைப் பதிவேடு சொன்னது

மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 22 குழந்தைகளில் 8 பேர் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள். 14 பேர் சுற்றுக் கிராமங்களில் இருந்து வருபவர்கள். மாதத்துக்குச் சுமார் 20 வேலை நாள். உள்ளூர்க் குழந்தைகள் சராசரியாக 17 நாள் வந்திருந்தார்கள். கிராமத்துக் குழந்தைகள் 9 நாள்.

அதே ஆசிரியர், அதே சோறு, அதே விளையாட்டு. வித்தியாசம் அந்த பஸ் மட்டும்தான். நான் பதினோரு பக்கத்தில் சொல்ல முடியாததை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிட்டன. தேவையை எழுதுவது என்றால் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. கண்ணீரைக் காட்டினால் படிப்பவர் இரக்கப்படலாம். காரணத்தைக் காட்டினால், 'இதைச் சரிசெய்ய முடியுமே' என்று நினைப்பார்.

அடுத்த கேள்வியை மாணவி போனில் கேட்டாள். "வேன் ஓடுச்சுன்னு வச்சுக்குவோம். அதனால என்ன மாறும்?"

"குழந்தைங்க தினமும் வருவாங்க."

"வந்தா?"

யோசித்தேன். நிதி கேட்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது என்றாள். வேன் 220 நாள் ஓடியது என்பது நாம் செய்த வேலை. அந்த வேலையால் ஒரு குழந்தையிடம் என்ன மாறியது என்பதுதான் பலன். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

பலனை எப்படி அளப்பது என்று எங்கள் சிறப்பாசிரியரிடம் கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து வைத்தார். சென்னையில் உருவாக்கப்பட்டு, இந்தியாவின் பல சிறப்புப் பள்ளிகளில் பயன்படும் எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டு முறை. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு என்று 18 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் 20 படிகள். மொத்தம் 360. ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது என்று அவர் தேதி போட்டுக் குறித்துவைத்திருந்தார். நான் தேடிய பொக்கிஷம் அலமாரியில் தூசியோடு இருந்திருக்கிறது.

அதை வைத்து எங்கள் இலக்கை எழுதினோம். ஓராண்டில், 14 கிராமத்துக் குழந்தைகளின் வருகை மாதம் 9 நாளிலிருந்து 16 நாளாக உயரும். அவர்களில் 10 பேராவது சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றில் புதிதாக இரண்டு படிகளாவது ஏறுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையைப் பார்த்துச் சொல்வோம். 'குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றுவோம்' என்று நான் முன்பு எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். ஒளியை எப்படி எண்ணுவது?

வீட்டுக் கணக்கு மாதிரிதான்

பட்ஜெட் என்றதும் பயந்தேன். உட்கார்ந்து போட்டபோது மளிகைச் சீட்டு எழுதுவது போலத்தான் இருந்தது. ஒரே விதி: ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு பெருக்கல் இருக்க வேண்டும்.

டிரைவருக்கு மாதம் 12,000 வீதம் வருடத்துக்கு 1,44,000. வேனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு மாதம் 7,000 வீதம் 84,000. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், ஆக 6 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய், 220 நாள் என்றால் 1,25,400. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 60,000. பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள், 44 வாரம், ஒரு வருகைக்கு 800 ரூபாய் என 1,05,600. கணக்கு எழுதவும் ஆடிட்டுக்கும் 21,000. மொத்தம் 5,40,000.

அந்தக் கடைசி 21,000-ஐ மறைக்கத்தான் முதலில் நினைத்தேன். 'நிர்வாகச் செலவு' என்றால் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். "மறைக்காதீங்க டீச்சர். கணக்கு எழுத ஆள் இல்லாத இடத்துக்கு யார் நம்பிப் பணம் தருவாங்க?" என்றாள் மாணவி.

பெற்றோர்கள் மாதம் நூறு ரூபாய் தருகிறார்கள், மதியச் சாப்பாட்டு அரிசியை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள், வேன் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் எழுதினோம். கைநீட்டுகிறவர்களின் கையிலும் ஏதோ இருக்கிறது என்று தெரிவது முக்கியம். அடுத்த வருடம் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள் என்பதால், அதற்கும் ஒரு பத்தி. எல்லாம் சேர்த்து நான்கு பக்கம்.

அனுப்புவதற்கு முன்னால், இந்த முறை பாப்பாவின் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சிரித்தபடி தொட்டிலை ஆட்டும் போட்டோவை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கிடுவான்னு எழுதியிருக்கீங்க. மேல் பட்டன் மட்டும் அவளுக்கு வராது டீச்சர். அதையும் எழுதிருங்க. பெறகு யாரும் வந்து பாத்தா நம்மளப் பொய்னு நெனைக்கக் கூடாதுல்ல."

எழுதினேன்.

வந்ததும் வராததும்

2022-ல், காகிதங்களெல்லாம் கைக்கு வந்தபின், எங்கள் மாவட்டத்திலேயே தொழில் செய்யும் இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்பினோம். அனுப்புவதற்கு முன்பு போன் செய்து, இந்த வகைப் பணிக்கு நிதி தருவீர்களா, உங்களுக்கென்று தனிப் படிவம் உண்டா என்று கேட்டுக்கொண்டோம். ஒன்றிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. மற்றொன்றிலிருந்து இருவர் நேரில் வந்தார்கள். வேனைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள், ஒரு அட்டையை எடுத்து, "இந்தக் குழந்தையைப் பார்க்கலாமா?" என்றார்கள். பாப்பா அவர்கள் எதிரிலேயே பட்டன் போட்டுக் காட்டினாள். மேல் பட்டனுக்கு ஆசிரியரிடம் கழுத்தை நீட்டினாள்.

முழுத் தொகையும் கிடைக்கவில்லை. வேன் சம்பந்தப்பட்டதற்கும் கணக்குக்கும் சேர்த்து 4,34,400 தந்தார்கள். பிசியோதெரபிக்கு இல்லை. தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்ததால் எது நிற்கும், எது விழும் என்று உடனே தெரிந்தது. விழுந்ததை எடுத்துக்கொண்டு ஊர் நகைக்கடைக்காரரிடம் போனேன். வாரம் ஒரு நாளுக்கு அவர் ஒப்புக்கொண்டார். மூன்று நாள் தேவை. ஒரு நாள்தான் கிடைத்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வருட முடிவில் அறிக்கை எழுதினேன். கிராமத்துக் குழந்தைகளின் வருகை 16 நாளைத் தொடவில்லை, 14-தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு ஊர்களின் கரிசல் பாதையில் வேன் இறங்க முடியவில்லை. இலக்கு வைத்த 10 பேரில் 9 பேர் படி ஏறியிருந்தார்கள். "16-ன்னே போட்டுரலாமே டீச்சர், யார் எண்ணப்போறா?" என்றார் தலைவர். எனக்கு அந்த மேல் பட்டன் ஞாபகம் வந்தது. 14 என்றே எழுதி, காரணத்தையும், அடுத்த மழைக்கு அந்த ஊர்க் குழந்தைகளை மெயின் ரோடுவரை கூட்டிவர என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்தேன்.

இரண்டாம் வருடத்துக்கும் பணம் வந்தது.

இப்போது பக்கத்து ஊர்களில் இருந்தும் ஆட்கள் நோட்டோடு வருகிறார்கள். முதியோர் இல்லம் நடத்துபவர், மாலை நேர வகுப்பு எடுக்கும் இளைஞர்கள். "எப்படி டீச்சர் ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். முதல் பக்கத்தில் என்ன வர வேண்டும், பட்ஜெட் எப்படிப் போடுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். கடைசியில் ஒன்று சொல்வேன்: யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ, அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுருங்கும் இடத்தில் அடியுங்கள். அவர்கள் "இதையும் எழுதுங்க" என்று சொல்லும் இடத்தில் எழுதுங்கள்.

பாப்பாவுக்கு இப்போதும் மேல் பட்டன் வரவில்லை. அவளுடைய அட்டையில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த அறிக்கையிலும் அப்படியே எழுதுவேன்.